'எக்ஸ்கோரியேட்' என்னும் ஆங்கில வினையும் தமிழின் வசைவினைகளும்: தகடூர்ச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொதுவெளியில் ஒருவரைக் கடுமையாகக் கண்டிப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் வினைகளுள் 'எக்ஸ்கோரியேட்' ஒன்று. தோலை உரித்தல் என்ற உருவகத்தின்மேல் எழுந்த இவ்வினைக்குத் தமிழில் 'தோலுரித்தல்' நேரிணையாகத் தோன்றினும் பொருளால் அது வேறாகும். இவ்வேறுபாட்டை விளக்கி, இத்தகைய வினைகள் வசையின் வகையையும் பேசுவோர் தகுதியையும் எவ்வாறு மறைக்கின்றன என்பதைத் தருமபுரி மாவட்டத்தோடு தொடர்புடைய மூன்று சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வசை, அங்கதம், இடித்துரை, மொழிபெயர்ப்பு, துணைவினை, தகடூர், சுப்பிரமணிய சிவா, வாச்சாத்தி

வினையின் உள்ளுறை

'எக்ஸ்கோரியேட்' இலத்தீன் வழிவந்த சொல். தோல் அல்லது பதனிட்ட தோலைக் குறிக்கும் 'கோரியும்' என்ற பெயரோடு, வெளியே என்னும் பொருளுடைய 'எக்ஸ்' முன்னொட்டாகச் சேர்ந்து, தோலை நீக்குதல் என்ற பொருளைத் தந்தது. மருத்துவர்கள் தோல் உராய்ந்து உரிந்த புண்ணை இன்றும் இவ்வேரிலிருந்து பிறந்த பெயராலேயே குறிக்கின்றனர். செய்தித்தாள் நடையில் இதனோடு ஒப்ப வழங்கும் 'ஃப்ளே' என்பதும் தோலுரித்தலே. அது பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. 'லாம்பாஸ்ட்' அடித்து நொறுக்குதலையும், 'பில்லரி' குற்றவாளியின் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் மாட்டிச் சந்தையில் நிறுத்திய தண்டனையையும், 'ஸ்லாம்' கதவை ஓங்கி அறைதலையும் அடியில் கொண்டவை. உடலுக்கு இழைக்கும் கொடுமை சொல்லால் இழைக்கும் கொடுமைக்குப் பெயராகியிருக்கிறது. தண்டனை மறைந்த பின்னரும் அதன் பெயர் வினையாக நின்றுவிட்டது.

இவ்வினைகளுக்குக் 'கடுமையாகக் கண்டி', 'வன்மையாகத் தாக்கிப் பேசு' என்று பொருள் எழுதுவதே மொழிபெயர்ப்பில் பெருவழக்கு. பொருள் தவறன்று. ஆயினும் 'கடுமையாக' என்ற ஒரே வினையடை ஐந்தாறு வெவ்வேறு உருவகங்களையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது. 'கண்டித்தல்' என்பதும் ஒருகாலத்தில் உருவகமாக இருந்ததே. துண்டித்தல், வெட்டுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த அச்சொல், 19ஆம் நூற்றாண்டின் சமயப் பூசல்களிலும் அருட்பா மருட்பா விவாதத்திலும் 'கண்டனம்' என்ற தனி நூல்வகைக்கே பெயராயிற்று. இன்று அதன் வெட்டு மழுங்கி, 'கண்டனம் தெரிவித்தார்' என்னும் அலுவலகத் தொடராக எஞ்சியுள்ளது.

தமிழில் தோல்

தமிழில் தோலை உரித்தல் மூன்று நிலைகளில் வழங்குகிறது. முதலாவது, வீட்டில் பெரியவர்கள் சிறுவரை நோக்கிச் சொல்லும் எச்சரிக்கை. 'தோலை உரித்துவிடுவேன்' என்பது எப்போதும் எதிர்காலத்தில்தான் வரும். அதனை இறந்தகாலத்தில் வைத்தால் அடி விழுந்ததாகப் பொருள்படுமே ஒழியச் சொல்லால் கண்டித்ததாகப் பொருள்படாது. இரண்டாவது, புராண வழக்கு. யானையை உரித்துப் போர்த்த சிவன் என்ற அட்டவீரட்டக் கதை வழுவூரோடு சேர்த்துப் பேசப்படுவது. அங்கே உரித்தல் வெற்றியின் அடையாளம். மூன்றாவதே பொதுவெளிப் பேச்சுக்கு உரியது: 'தோலுரித்துக் காட்டினார்'.

இம்மூன்றாம் வழக்கில் தோல் உடம்பின் பகுதியாகக் கருதப்படுவதில்லை, போர்வையாகக் கருதப்படுகிறது. பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்ந்ததை 273ஆம் குறள் கூடா ஒழுக்கத்திற்கு உவமையாக்குகிறது. 'பசுத்தோல் போர்த்திய புலி' என்று அதனைத் திருப்பி வழங்கும் இன்றைய மரபுத்தொடரும் தோலை வேடமாகவே காண்கிறது. ஆகவே தமிழில் தோலுரிக்கப்படுபவனுக்கு வலிப்பதைவிட அவன் மறைத்தது வெளிப்படுவதே முதன்மை. 'ஊழலைத் தோலுரித்தார்', 'போலிச் சாமியாரைத் தோலுரித்துக் காட்டினார்' என்பவை இயல்பான தொடர்கள். 'பயிற்சியாளர் தோற்ற அணியைத் தோலுரித்தார்' என்று எழுதினால் வாசகர் அந்த அணி எதை மறைத்தது என்று தேடத் தொடங்குவார். ஆங்கிலத்தில் அதே தொடர் எவ்விதத் தடையுமின்றிச் செல்லும். 'காட்டு' என்னும் துணைவினையும் கவனத்திற்குரியது. காட்டுவதற்குக் காண்போர் வேண்டும். எனவே பொதுவெளி என்ற கூறு தமிழில் துணைவினையிலேயே அமைந்துவிடுகிறது. 'எக்ஸ்கோரியேட்' என்பதில் அக்கூறு சூழலால் பெறப்படுவது.

ஆக, உருவகம் ஒன்றாக இருந்தும் ஆங்கிலம் வலியின் பக்கமும் தமிழ் வெளிப்பாட்டின் பக்கமும் சென்றுள்ளன. 'எக்ஸ்கோரியேட்' வரும் இடமெல்லாம் 'தோலுரித்தார்' என்று எழுதும் மொழிபெயர்ப்பு, மூலத்தில் இல்லாத ஒரு குற்றச்சாட்டைச் சேர்த்துவிடுகிறது. திட்டு வாங்கியவர் வேடதாரியாகவும் ஆகிவிடுகிறார்.

துறையும் அடுக்களையும்

வலியின் பக்கத்திற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அவை வேறு தொழிற்களங்களிலிருந்து வருகின்றன. துணி துவைக்கும் துறையிலிருந்து 'வெளுத்து வாங்குதல்' வந்தது. அடுக்களையிலிருந்து 'வறுத்தெடுத்தல்', 'தாளித்தல்', 'காய்ச்சுதல்', 'பொரிந்து தள்ளுதல்' ஆகியவை வந்தன. பிரம்பும் சாட்டையும் 'விளாசுதல்', 'சாட்டையடி' என்பவற்றைத் தந்தன. 'சாடுதல்' அடித்தல், மோதுதல் என்ற பழம்பொருளிலிருந்து நகர்ந்து இன்று செய்தித்தாளின் மதிப்புக்குரிய சொல்லாகிவிட்டது.

இவற்றுள் 'வறுத்தெடுத்தல்', 'பொரிந்து தள்ளுதல்' ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கருதுவது தவறு. முன்னதில் வாணலியில் கிடப்பவர் திட்டு வாங்குபவர். பின்னதில் வெடித்துத் தெறிப்பவர் பேசுபவரே. முன்னது கேட்பவரின் நிலையையும் பின்னது சொல்பவரின் சினத்தையும் காட்டுகின்றன.

இலக்கண நோக்கில் மற்றொரு வேறுபாடு உண்டு. ஆங்கில வினைகள் கடுமையை வேரிலேயே ஏற்றுள்ளன. தமிழ் வினைகள் பெரும்பாலும் அதனைத் துணைவினையில் ஏற்றுகின்றன. 'வெளுத்தார்' என்பதைவிட 'வெளுத்து வாங்கினார்' என்பதே வசைப்பொருளில் நிலைத்தது. 'வறுத்தார்' என்றால் சொல் மீண்டும் அடுக்களைக்கே போய்விடும். 'எடு', 'வாங்கு', 'தள்ளு', 'தொங்கவிடு' ஆகியவை செயலின் முழுமையைக் காட்டி உருவகத்தை நிலைநிறுத்துகின்றன. 'கிழித்தல்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'கிழித்துத் தொங்கவிட்டார்' கடும் வசை. 'நீ கிழித்தாய்' என்று துணைவினையின்றிப் பேச்சில் வந்தால் ஒன்றும் செய்யவில்லை என்னும் ஏளனமாகிவிடும்.

மதிப்பு வேறுபாட்டையும் இவ்வினைகள் சுமக்கின்றன. பிறர் அழுக்கை வெளுப்பதும் அடுப்படியில் வேகுவதும் சமூகம் தாழ்த்தி மதித்த உழைப்புகள். அவற்றிலிருந்து எடுத்த சொற்கள் மேடைக்கும் திண்ணைக்கும் உரியனவாகவும், 'சாடினார்', 'கண்டித்தார்' என்பவை அச்சுக்கு உரியனவாகவும் பிரிந்து நிற்பது தற்செயலானதன்று. 'எக்ஸ்கோரியேட்' ஆங்கிலத்தில் கற்றோர் நடைக்குரிய சொல். அதனை 'வறுத்தெடுத்தார்' என்றால் வலி வரும், நடை போய்விடும். 'கண்டித்தார்' என்றால் நடை நிற்கும், வலி போய்விடும். இரண்டையும் ஓரளவு தாங்கும் சொல்லாக இன்று 'சாடினார்' ஒன்றே நிற்கிறது எனலாம்.

படைக்கலக் கொட்டிலில் ஒரு பாட்டு

இவ்வினைகள் எவ்வகை வசைக்குப் பொருந்தும் என்ற வினாவுக்குத் தொல்காப்பியச் செய்யுளியல் ஓர் அளவுகோல் தருகிறது. அங்கதத்தை அது செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பகுக்கிறது. நேர்ப்படச் சொல்வது வசை எனப்படும். சொல்லை மறைத்துச் சொல்வது பழிகரப்பு எனப்படும். ஆங்கிலத்தின் தோலுரிக்கும் வினைகள் முதல்வகைக்கே உரியன. மறைந்து வரும் பழியை அவற்றால் குறிக்க இயலாது.

இதற்கான தலைசிறந்த சான்று இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையோடு தொடர்புடையது. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அப்போது பாடப்பட்டது புறநானூற்றின் 95ஆம் பாடல். இங்குள்ள படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய அகன்ற இல்லத்தில் உள்ளன என்கிறார் ஔவையார். தம் தலைவனுடையனவோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து எப்போதும் கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். முன்னதைப் புகழ்வது போலவும் பின்னதைக் குறைகூறுவது போலவும் அமைந்த அப்பாட்டு, போர் அறியாதவன் என்ற பழியைத் தொண்டைமான் முகத்துக்கு நேரே வைக்கிறது. வகுப்பறைகளில் வஞ்சப்புகழ்ச்சிக்கு இது வாடிக்கையாகக் காட்டப்படுவதுண்டு.

பாடலின் சொற்களைவிடப் பாடலை அறிமுகம் செய்யும் சொல்லே இங்கு நோக்கத்தக்கது. கொளுவைத் தொகுத்தவர் நிகழ்ச்சியைச் சொல்லி, ஔவையார் 'பாடியது' என்பதோடு நிறுத்திவிடுகிறார். இகழ்ந்தார், எள்ளினார், பழித்தார் என்ற வினை எதுவும் இல்லை. இக்காலச் செய்தியாளர் ஒருவர் இந்நிகழ்ச்சியை எழுதியிருந்தால் 'தொண்டைமானை விளாசினார் ஔவை' என்றே தலைப்பு வந்திருக்கும். அத்தலைப்பு பாட்டைக் கெடுத்துவிடும். பழி மறைந்திருப்பதுதான் தூதுவரின் பாதுகாப்பு. எதிரியின் ஆயுதக் கிடங்கினுள் நின்றுகொண்டு நேர்வசை பாடும் தூது திரும்பிவருவது அரிது. தொண்டைமான் சினப்பதற்குச் சொல்லில் பிடி இல்லை. பாடியது என்ற வெறும் வினை அந்த மறைவைக் காத்து வைத்திருக்கிறது.

அதே ஔவையார் அதியமான் பரிசில் நீட்டித்தபோது பாடிய 206ஆம் பாடல் இன்னொரு வகை. அங்கே சினம் வெளிப்படை. ஆனால் அது மன்னனை நோக்கிச் சொல்லப்படவில்லை. வாயிற்காவலனை விளித்துச் சொல்லப்படுகிறது. உன் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்று கேட்டு, கைத்தொழில் அறிந்த தச்சரின் சிறுவர்க்குக் காடு போல் தமக்கு எத்திசையும் சோறு தரும் என்று அவர் யாழை எடுத்துக்கொள்கிறார். சொல் செம்பொருள், இலக்கு மட்டும் கரந்தது. தொல்காப்பியப் பகுப்பின் இரு முனைகளுக்கும் நடுவே நிற்கும் இப்பாடலுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைவினை தேடுவது வீண். இலக்கு மன்னன் என்பதனால் 'மன்னனைச் சாடினார்' என்று எழுதுவோர் வாயிற்காவலனைக் காணாமற்போக்குகின்றனர்.

வள்ளுவம் இவற்றிலிருந்து வேறான ஒரு சொல்லைத் தருகிறது. பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தின் 448ஆம் குறள் இடித்துரைப்போர் இல்லாத மன்னன் கெடுப்பார் இல்லாமலேயே கெடுவான் என்கிறது. 'இடித்தல்' என்பதும் உடல்வன்மை சார்ந்த உருவகமே. எனினும் அதனைச் செய்பவர் மன்னனின் நலத்தில் பங்குடையவர், அவ்வாறு சொல்லும் உரிமை உடையவர் என்ற பொருள் அச்சொல்லில் உறைந்துள்ளது. ஔவையார் தொண்டைமானை இடித்துரைத்தார் என்று கூற முடியாது. அவர் எதிரியின் தூதர். 206ஆம் பாடலில் அதியமானை இடித்துரைத்தார் என்பது ஓரளவு பொருந்தும். 'எக்ஸ்கோரியேட்' இத்தகைய உறவு எதனையும் சொல்லாது. யாரும் யாரையும் தோலுரிக்கலாம்.

பாப்பாரப்பட்டிக்கு வந்தவரின் பேச்சு

வசைவினையைத் தேர்வது நடையழகுப் பிரச்சினை மட்டுமே என்று கருதுவோருக்குச் சுப்பிரமணிய சிவாவின் வழக்கு விடையளிக்கும். வத்தலக்குண்டில் 1884இல் பிறந்து, இறுதிக்காலத்தில் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்த சிவா, 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரசுக்கு எதிராகப் பேசினார். பேச்சு தமிழில் நிகழ்ந்தது. காவல்துறையினர் எடுத்த குறிப்புகள் சான்றாயின. கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7 அன்று ஆங்கிலத்தில் தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. அவருடைய குற்றத்துக்குத் துணைநின்றதாக வ.உ. சிதம்பரனாரும் தண்டிக்கப்பட்டார்.

வழக்குக்கு அடிப்படையான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு, அக்கால வடிவில், சொற்பொருள் வேறுபாடு ஒன்றையே எல்லைக்கோடாக வைத்திருந்தது. அரசின்மேல் வெறுப்பையோ இகழ்ச்சியையோ பற்றின்மையையோ தூண்டுதல் குற்றம்; அவற்றைத் தூண்டாமல் அரசின் நடவடிக்கைகளில் ஏற்பின்மையை வெளியிடுதல் குற்றமன்று. முன்னதற்குரிய சொல் 'டிஸ்அஃபெக்ஷன்', பின்னதற்குரிய சொல் 'டிஸ்அப்ரொபேஷன்'. 1897இல் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி முதற்சொல்லைப் பற்று இல்லாமை என்றே விளக்கி அதன் எல்லையை மிக விரித்துவிட்டார். இச்சட்டத்தின்கீழ் ஒரு தமிழ்ப் பேச்சாளர் அரசைக் 'கண்டித்தார்' என்பதா, 'சாடினார்' என்பதா, 'தோலுரித்தார்' என்பதா என்ற தேர்வு ஆண்டுக்கணக்கில் அளக்கப்படக்கூடியது. கண்டித்தல் ஏற்பின்மைக்குள் அடங்கும். தோலுரித்தல் வெறுப்பைத் தூண்டும் பக்கத்தில் சென்று விழும்.

மொழிபெயர்ப்பே நீதிமன்றத்தில் வழக்காடப்பட்ட சான்றும் அதே மாதத்தில் கிடைக்கிறது. 1908 ஜூலையில் பம்பாயில் நடந்த இரண்டாம் வழக்கில் திலகர் தம் மராத்தியக் கட்டுரைகளின் அரசு மொழிபெயர்ப்பு மூலத்தின் தொனியைத் திரித்துவிட்டது என்று சொல் சொல்லாக எடுத்து வாதிட்டார். ஜூலை 22 அன்று அவருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. எழுதிய கட்டுரைக்கு மூலம் கையில் இருந்தது. சிவாவின் பேச்சுக்கோ பிறர் எடுத்த குறிப்புகளே மூலமாக நின்றன. பேச்சின் கடுமையைப் பேச்சாளரின் சொற்களுக்குப் பதிலாகக் குறிப்பெடுத்தவரின் வினை தீர்மானிக்கும் நிலை இத்தகைய சூழலில்தான் உருவாகிறது. 1912இல் விடுதலையானபோது சிவாவின் உடலைத் தொழுநோய் பற்றியிருந்தது.

தீர்ப்பும் குட்டும்

நீதிமன்றமே கடிந்துரைக்கும்போது ஆங்கில இதழ்கள் 'ஸ்லாம்' என்கின்றன. தமிழ் இதழ்களில் அதற்கு வாய்த்த சொல் 'குட்டு'. குட்டு, பள்ளியில் ஆசிரியர் மாணவன் தலையில் வைப்பது. வலி உண்டு, காயம் இல்லை, மறுநாள் மறந்துவிடும். ஓர் அலுவலர் காலதாமதம் செய்ததற்கு நீதிபதி வாய்மொழியாகக் கடிந்துகொண்டால் இச்சொல் மிகவும் பொருத்தமானதே. அதில் ஒரு நகைச்சுவையும் உள்ளது. தீர்ப்புகளுக்கும் அதே சொல் நீளும்போதுதான் சிக்கல் எழுகிறது.

அரூர் வட்டம் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்து நிகழ்த்திய வன்கொடுமைகள் யாவரும் அறிந்தவை. மலையாளிப் பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். 1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும், அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் அது ஆணையிட்டது.

இத்தகைய தீர்ப்பை 'அரசுக்குக் குட்டு' என்றோ 'அதிகாரிகளைச் சாடியது' என்றோ சுருக்கினால் வினையின் இலக்கணமே மாறிப்போகிறது. சாடுதல் பேச்சோடு முடியும் செயல். உறுதிசெய்தல், தள்ளுபடி செய்தல், ஆணையிடுதல் ஆகியவை சொல்லும் கணத்திலேயே உலகில் ஒன்றை மாற்றும் செயல்கள். சட்ட வினையை நீக்கி அங்கே சினவினையை வைத்தால், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்ற செய்தி நீதிபதி கோபப்பட்டார் என்ற செய்தியாகிவிடும். கோபத்தை மறுதரப்பு பொருட்படுத்தாமல் விடலாம். தண்டனையை அவ்வாறு விட முடியாது. முப்பத்தோர் ஆண்டுகள் வழக்கை நடத்திய ஊரார் பெற்றது நீதிமன்றத்தின் கடிந்துரையாக இருந்திருந்தால், 1992இலேயே யாராவது ஓர் உயர் அலுவலர் அதனைச் சொல்லிப் பிரச்சினையை முடித்திருக்கக்கூடும்.

இங்கு 'எக்ஸ்கோரியேட்' அளவுக்கு உயிர்ப்புள்ள வினைக்கு இடமே இல்லை என்பதன்று. தீர்ப்பின் பத்திகளுள் ஆட்சியமைப்பைக் குறைகூறும் பகுதிகளைத் தனியே எடுத்துரைக்கும் இரண்டாம் செய்திக்கு அது பொருந்தும். அங்கே 'இடித்துரைத்தது' என்பது 'குட்டு' என்பதைவிட நேர்த்தியானது. அரசமைப்பின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் சொல்லும் உரிமை அதில் அடங்கியிருக்கிறது. 'தோலுரித்துக் காட்டியது' என்பதும் இவ்வழக்கில் தமிழ்ப்பொருளிலேயே பொருந்திவருகிறது. கடத்தல் தடுப்பு என்ற போர்வையின்கீழ் நடந்தது என்ன என்பதை அத்தீர்ப்பு வெளிப்படுத்தியது. ஆங்கில வினையை நோக்காமல் தமிழ் வினையின் பொருளை மட்டும் நோக்கியே அச்சொல் இங்குத் தேர்ந்துகொள்ளப்படும்.

மொழிபெயர்ப்பு வகுப்புகளில் இத்தகைய செய்திகளைப் பயிற்சிக்குத் தரும்போது வினையை நீக்கி, யார், யாரிடம், எங்கே, எவ்வுரிமையால், நேராகவா மறைவாகவா என்பவற்றை மாணவர் முதலில் எழுதிய பிறகு வினையைத் தேடச் செய்வது பயன்தரும். புறநானூற்றின் 95ஆம் பாடலை அம்முறையில் வைத்துப் பார்க்கும் மாணவர் பலவாறு முயன்ற பின்னர்க் கொளுவின் 'பாடியது' என்ற சொல்லுக்கே வந்துசேர வாய்ப்புண்டு.